காவடிச் சத்தம் மட்டும் எப்படிப் பிடிக்கிறது?

எங்கள் பேட்டை மண்டபத்தில் உடற்பயிற்சிக்கு வந்த ஓர் அம்மா, மொரிஷியஸ் தீவின் பேச்சுமொழியான கிரியோலில்தான் கேட்டார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: “தைப்பூசத்தன்னிக்கு அவ்வளவு மேளத்துக்கும் மைக்செட்டுக்கும் நடுவுல நடந்தானே, அப்ப வலிக்காத காது இங்க மட்டும் எப்படி வலிக்குது?” கேட்டுவிட்டுத் தோளில் கிடந்த துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். குத்திக்காட்டக் கேட்டாரா, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாரா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. பதில் இல்லாமல் நின்றது நான்தான். அதற்குப் பிறகு பல மாதம் அந்தக் கேள்வி சோற்றில் கிடந்த கல்லாகப் பல்லில் பட்டுக்கொண்டே இருந்தது.

கேள்விக்குரியவன் என் கொழுந்தன். வயது 31. நான் அவனைத் தம்பி என்று கூப்பிடுகிறேன், அவன் என்னைத் தண்ணி என்று கூப்பிடுகிறான். அண்ணி என்றுதான் சொல்லிக்கொடுத்தேன், அவன் நாக்கு ஏற்கெனவே பழகியிருந்த சொல்லோடு அதைச் சேர்த்துக்கொண்டது. கும்பகோணத்தில் பிறந்து, கல்யாணமாகி மொரிஷியஸில் காத்ர் போர்னுக்கு வந்து எனக்கு 17 வருடம். புகுந்த வீட்டில் எல்லோரும் பேசுவது கிரியோல். தமிழ் கோவிலிலும் பள்ளிப் பாடத்திலும் ரூபாய் நோட்டிலும் இருக்கிறது. தம்பிக்குக் கிரியோலில் முப்பது நாற்பது சொற்கள் உண்டு, தமிழில் ஐந்தாறு. அவனுக்கு ஆட்டிசம் என்று ஏழு வயதில்தான் தெரிந்ததாம். அதற்கு முன்னால் அத்தை முருகனுக்கு நேர்ந்துகொண்டதும், எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டதும், சேன்த் க்ருவா என்ற ஊரில் பேர் லவால் என்ற பாதிரியாரின் சமாதிக்கு நடந்தே போனதும் தனிக்கதை. (முருக பக்தை பாதிரியார் சமாதியில் மெழுகுவத்தி ஏற்றுவதில் இந்தத் தீவில் யாருக்கும் வியப்பில்லை.)

எங்கள் பேட்டையில் ஒரு பொது மண்டபம் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் முதல் ஒரு மணி நேரம் ஜும்பா என்ற நடன உடற்பயிற்சி, பிறகு கேரம், டொமினோ, டேபிள் டென்னிஸ். மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்துக்கொள்வோம் என்று நடத்துகிறவர்களாகவே முன்வந்தபோது முதலில் சந்தோஷப்பட்டவள் நான். முப்பது வயது ஆண்பிள்ளைக்கு இந்த ஊரில் போக இடமில்லை. குழந்தைகளாக இருக்கும்வரை பள்ளி, தெரபி, தொண்டு நிறுவனம் என்று ஏதோ ஓடும். மீசை முளைத்த பிறகு எஞ்சுவது டிவியும் திண்ணையும்தான். அதனால் ‘வரலாம்’ என்று சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கே நான் கும்பிடு போட்டேன். சத்தம் அதிகமானால் அவன் போய் உட்கார ஓர் ‘அமைதி அறை’ வேறு ஏற்பாடு செய்திருந்தார்கள். இன்னொரு கும்பிடு.

மண்டபமும் அறையும்

மண்டபத்தை நான் அதுவரை காதால் பார்த்ததில்லை. சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை, மேலே தகரம். திரைச்சீலை கிடையாது, பாய் கிடையாது, சத்தத்தை உறிஞ்ச ஒரு துணிகூட இல்லை. ஒருவர் பந்தைத் தரையில் தட்டினால் அது மூன்று பந்தாகத் திரும்பி வரும். அதற்குள் ஒரு பெரிய ஸ்பீக்கரை வைத்து, இந்தத் தீவின் நாட்டு இசையான செகா மெட்டில் ஜும்பா போட்டால், பாட்டு எது, எதிரொலி எது, பயிற்சியாளரின் விசில் எது என்று நமக்கே பிரிக்க வராது. போனில் ஒரு ஆப்பை இறக்கி அளந்தேன். ஜன்னல் திறந்திருந்தபோது 82 டெசிபல். மழைச் சாரல் வருகிறதென்று ஜன்னலைச் சாத்தியதும் 92. பத்துதானே கூடியது என்று நினைக்கத் தோன்றும். டெசிபல் கணக்கு அப்படி ஓடாது: பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, காதுக்குச் சுமார் இரண்டு மடங்கு சத்தம். போன் ஆப்பைத் துல்லியமாக நம்ப முடியாதுதான், ஆனால் ஜன்னல் சாத்தினால் என்ன ஆகும் என்று காட்ட அது போதும். பிறகு டியூப் லைட்டுகள். பழைய சோக் போட்ட டியூப் லைட் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். பெரும்பாலானவர்களுக்கு அது தெரியாது, சிலருக்குத் தலைவலியாகத் தெரியும். எனக்கும் உண்டு அது. கல்யாண வீட்டில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நான் சமையல்கட்டுப் பக்கம் போய் நிற்பது உதவி செய்ய இல்லை.

அமைதி அறை என்பது நாற்காலி அடுக்கும் ஸ்டோர் ரூம். நாற்காலிகளை ஒருபக்கமாகத் தள்ளி, பீன் பேக் ஒன்று, நிறம் மாறும் விளக்கு ஒன்று. மாப் குச்சியும் வாளியும் மூலையிலேயே இருந்தன, அதனால் பினாயில் வாடை. மூன்றாவது சனிக்கிழமை தம்பி காதைப் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடத் தொடங்கியதும் ஒரு தன்னார்வலர் அவனைப் பக்குவமாக அங்கே அழைத்துப் போனார். நான் அப்போது காரிலிருந்து அவன் மாற்றுச் சட்டையை எடுக்கப் போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் அந்தப் பெண் சத்தம் உள்ளே போகாமலிருக்கக் கதவைச் சாத்தி, காற்றில் திறந்துகொள்ளாமலிருக்க வெளித் தாழ்ப்பாளையும் போட்டுவிட்டார். கெட்ட எண்ணம் துளியும் இல்லை, அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். உள்ளிருந்து கதவு இடிபட்டுக்கொண்டிருந்தது. ஜும்பா பாட்டில் அது யாருக்கும் கேட்கவில்லை. கேட்டவர்கள் அதையும் தாளம் என்று நினைத்திருப்பார்கள்.

திறந்தபோது அவன் உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன. நான் செய்த முதல் காரியம், நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், அங்கிருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டது. இரண்டாவது, நன்றி சொன்னது. அந்த அம்மா காவடிக் கேள்வியைக் கேட்டதும் அன்றைக்குத்தான்.

வேண்டுமென்றே செய்கிறானா?

அந்தக் கேள்விக்குள் ஒரு குற்றச்சாட்டு இருந்தது. பிடித்த சத்தம் என்றால் பொறுத்துக்கொள்கிறான், பிடிக்காத சத்தம் என்றால் ஆர்ப்பாட்டம் செய்கிறான், ஆக இது அடம். என்னை உறுத்தியது வேறு எதுவும் இல்லை, எனக்கே அந்தச் சந்தேகம் எப்போதோ வந்திருந்ததுதான். சொல்ல வெட்கமாக இருக்கிறது. பதினேழு வருடம் ஒரு வீட்டில் இருந்து அவன் தட்டில் சோறு போட்ட எனக்கே வந்திருந்தது.

படிக்க ஆரம்பித்தேன். வேலையிலிருந்து மெட்ரோவில் திரும்பும்போது போனில் படித்ததுதான் அதிகம். அமெரிக்காவில் ஜீன் ஏர்ஸ் என்ற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்) 1972இல் புலன் ஒருங்கிணைப்பைப் பற்றி, அதாவது புலன்கள் தரும் சேதிகளை மூளை சேர்த்துக் கையாள்வதைப் பற்றி, புத்தகம் போட்டவர். ஐம்புலன் என்று நாம் எண்ணி முடித்த இடத்திலிருந்து அவர் எண்ணத் தொடங்குகிறார்: உடல் எந்தப் பக்கம் சாய்கிறது, சுழல்கிறது என்று உள்காது சொல்லும் சேதி ஒன்று, கை கால் எங்கே இருக்கிறது, எவ்வளவு எடை தாங்குகிறது என்று தசையும் மூட்டும் சொல்லும் சேதி இன்னொன்று. பசி, மூச்சு, நெஞ்சுத் துடிப்பு என்று உள்ளுறுப்புகள் சொல்வதையும் பின்னால் வந்தவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். தூளியில் போட்டு ஆட்டினால் குழந்தை ஏன் அடங்குகிறது என்று நம் பாட்டிகளுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. இறுகச் சுற்றிய வேட்டியின் அழுத்தமும் ஒரே சீரான ஆட்டமும் சேர்ந்து செய்கிற வேலை அது. 1997இல் வின்னி டன் என்பவர் மனிதர்களை நான்கு வகையாகப் பார்த்தார்: சேதி வந்ததே தெரியாதவர்கள், சேதியைத் தேடிப் போகிறவர்கள், கொஞ்சம் வந்தாலே தாங்காதவர்கள், வருவதற்கு முன்பே ஒதுங்குகிறவர்கள். படித்ததும் எங்கள் வீடு வரிசையாக நின்றது. பால் பொங்கி அடுப்பு அணைந்து வாடை வந்த பிறகும் அசையாத அத்தை. காரில் ஏறியதும் பாட்டைக் கூட்டுகிற என் கணவர். சமையல்கட்டுக்கு ஓடுகிற நான். தம்பி மட்டும் ஒரே கட்டத்தில் அடங்கவில்லை. திடீர்ச் சத்தமும் வாடையும் அவனுக்கு ஆகாது, எடையையும் ஊஞ்சலையும் தேடித் தேடிப் போவான். பத்து கிலோ அரிசிப் பையைக் கடையிலிருந்து அவன்தான் தூக்குவான், கட்டிப்பிடித்தபடி. வேறு யாரும் தொட்டால் கோபம் வரும்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நோயறிதலுக்காக வெளியிடும் கையேடு டி.எஸ்.எம். 2013இல் வந்த அதன் ஐந்தாம் பதிப்பில்தான் புலன்கள் மிகையாகவோ குறைவாகவோ வினைபுரிவது ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக எழுதப்பட்டது. ஆக ‘அடம்’ என்ற சொல்லுக்கு மருத்துவப் புத்தகம் இடம் கொடுக்கவில்லை. ஆனால் அதே மருத்துவ உலகம் இன்னொன்றும் சொல்கிறது, அதை மறைப்பது சரியில்லை. ‘சென்சரி ப்ராசஸிங் டிஸார்டர்’ (புலன் சேதிகளைக் கையாள்வதில் கோளாறு) என்பதைத் தனி நோயாகப் பெயர் சூட்டாதீர்கள், இந்தத் தெரபிகளுக்கு ஆதாரம் இன்னும் குறைவு என்று குடும்பங்களிடம் சொல்லுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012இல் எழுதியது. எனக்கு அது முன்பே தெரிந்திருந்தால், உடம்பை அழுத்தும் எடைச் சட்டை ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருக்க மாட்டேன். இந்தத் தீவுக்குக் கோடையான ஜனவரியின் வெயிலில் அதை அவன் இரண்டே நிமிடம் போட்டிருந்தான். இப்போது அது ஊஞ்சல் பலகைக்கு மெத்தை.

இவ்வளவு படித்தும் காவடிக் கேள்வி அப்படியே இருந்தது. எடை என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று பார்த்தேன். காவடி மரச்சட்டம், பூவும் ஓலையும் கட்டி இரண்டு பக்கமும் பால் செம்பு தொங்கும். தோளில் ஏறியதும் அந்த எடை கழுத்து, முதுகு, முழங்கால் வழியாகப் பாதம் வரை இறங்குகிறது, அது அவனை நிதானப்படுத்துகிறது. அத்தையிடம் இதை விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “முருகன் தாங்குறான்னு நான் சொல்றேன், முட்டி தாங்குதுன்னு நீ சொல்றே” என்றார். சரிதான். ஆனால் நான் அந்தச் சனிக்கிழமைக்கு முந்தைய வாரம் மண்டபத்தில் ஒரு கனத்த முதுகுப் பையை மாட்டித்தான் அவனை நிற்க வைத்திருந்தேன். அன்றைக்கும் இருபது நிமிடம் தாண்டவில்லை. எடை மட்டும்தான் விடை என்றால் பை போதும், காவடி எதற்கு?

ராவான்

டிசம்பரில், பள்ளிகளுக்குப் பெரிய விடுமுறை விட்ட பிறகு, கோவில்காரர்கள் பஸ் பிடித்து ஃபிளிக் அன் ஃபிளாக் கடற்கரைக்குப் போனோம். இந்த ஊர் பஸ் பிக்னிக்கைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு சத்தம் என்று சொல்ல வேண்டாம். பஸ் கேட்டைத் தாண்டுவதற்குள் ராவான் ஒலிக்கத் தொடங்கிவிடும். ராவான் என்பது ஆட்டுத்தோல் போர்த்திய அகலமான பறை, செகாவுக்கு உயிர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் விட்டுப்போன இசை, 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம் ஆட்களின் பேரப்பிள்ளைகளும் இன்று அதைத்தான் பஸ்ஸில் தட்டிக்கொண்டு போகிறார்கள். தம்பியை டிரைவருக்குப் பின்னால், ஜன்னல் ஓரம் உட்கார வைத்து, காதை மூடும் ஹெட்போன் மாட்டிவிட்டேன். வழியெல்லாம் ஒரே சுருதியில் முனகிக்கொண்டு வந்தான். இறங்கும்போது கால் நடுங்கியது. நான் மனதுக்குள் திரும்பிப் போகிற டாக்ஸிக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நேராகக் கடலுக்குள் போய்க் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றான். பவளப்பாறைக்கு உட்பட்ட கடல் அங்கே குளம் போல இருக்கும். தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழுத்தும், எடைச் சட்டை செய்யாததை இலவசமாகச் செய்யும். ஒரு மணி நேரம் அப்படியே. நாங்கள் வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு பரிமாறி முடித்தோம். கரையேறியபோதுதான் பக்கத்துக் கூட்டம் இடுப்பளவு உயரமான ஸ்பீக்கரை இறக்கி வைத்தது. பேஸ் சத்தம் மணல் வழியாகப் பாதத்தில் ஏறியது. அவன் கைகள் காதுக்குப் போயின. எனக்கு மண்டபம் கண்முன்னே வந்தது.

எங்கள் பெரிய மாமா, என் மாமனாரின் அண்ணன், சவுக்கு மரத்தடியில் காய்ந்த ஓலையைக் கொளுத்தி ராவானைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். கடல்காற்றின் ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும், தீயில் காட்டித்தான் முறுக்கேற்ற வேண்டும். மெல்லத் திருப்புவார், விரலால் சுண்டிப் பார்ப்பார், மறுபடி திருப்புவார். தம்பி போய் அவர் அருகில் குந்தினான். காதிலிருந்து ஒரு கையை எடுத்தான். ஏதோ அடுப்பு வேலையில் கூடமாட இருப்பவனிடம் கொடுப்பது போல, அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல், பெரிய மாமா ராவானை அவன் மடியில் சாய்த்தார். “தூஸ்மான்” என்றார். மெதுவாக.

அவன் அதை நெஞ்சோடு அணைத்து, சூடான தோலில் கன்னத்தை வைத்தான். பிறகு உள்ளங்கையால் ஓர் அடி. நெடுநேரம் ஒன்றும் இல்லை. இன்னோர் அடி. பத்து நிமிடத்தில் அது தாளம் என்று சொல்லும்படி ஆகவில்லை, ஆனால் அவனுக்கென்று ஓர் இடைவெளி அதில் இருந்தது. எங்கள் கூட்டத்தில் பாடத் தொடங்கியவர்கள் அவன் அடிக்குக் காத்திருந்து பாடினார்கள், அதனால் பாட்டு தேர் போல நின்று நின்று நகர்ந்தது. பக்கத்து ஸ்பீக்கர் ஓயவில்லை. அவன் அதற்கு முதுகைத் திருப்பிக்கொண்டு இன்னும் பலமாக அடித்தான். ஸ்பீக்கரை விட ராவான் அவன் காதுக்கு நெருக்கம், நெஞ்சிலேயே அதிர்கிறது. ஆனாலும் காது மூடவில்லை.

நம்மை நாமே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ள முடியாது அல்லவா? 1998இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிளேக்மோர், வோல்பெர்ட், ஃப்ரித் என்ற மூன்று பேர் ஸ்கேன் எடுத்து அதற்குக் காரணம் தேடினார்கள். நம் கை செய்யப்போவதை மூளை முன்கூட்டியே கணித்துவைத்துக்கொண்டு, அதனால் வரும் உணர்வைத் தணித்துவிடுகிறது. அடுத்தவர் விரல் எப்போது, எங்கே படும் என்று தெரியாததால்தான் துள்ளுகிறோம். இதை நான் முன்பே படித்திருந்தேன். படித்தது அன்றைக்குச் சவுக்கு மரத்தடியில்தான் உறைத்தது. அடிக்கிறவன் காதில் அடி திடீரென்று விழுவதில்லை.

ஆனால் என்னைப் பிடித்து உலுக்கியது அவன் அடித்தது அல்ல. நாற்பது நிமிடம் போலக் கழித்து ராவானை மணலில் வைத்துவிட்டு, “ஆசே” என்றான். போதும் என்று அர்த்தம். அந்தச் சொல் அவனுக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. பாடிக்கொண்டிருந்தவர்கள் பாதிப் பாட்டில் நிறுத்தினார்கள். பெரிய மாமா ராவானை எடுத்து மணலைத் தட்டிப் பைக்குள் போட்டார். யாரோ காத்தோ பிமாவை அவனிடம் நீட்டினார்கள், நம் பருப்பு வடையேதான். மொறுமொறுவென்று நான்கு தின்றான். அவ்வளவுதான், ஒரு நிகழ்ச்சியும் இல்லை.

அன்று இரவு தூக்கம் வராமல் புரண்டபோது காவடி திரும்பவும் வந்தது, இந்தமுறை வேறு கோணத்தில். கோர் தெ கார்த் மலையடிவாரத்துக் கோவிலுக்குக் காவடி போகிற வழியில் யார் வேகத்தில் எல்லோரும் நடக்கிறோம்? காவடி எடுப்பவன் வேகத்தில். அவன் நின்றால் பின்னால் வருகிற ஊரே நிற்கும். வெயிலில் கொதிக்கும் தாரில் அவன் பாதத்துக்கு யாராவது வாளித் தண்ணீர் ஊற்றுவார்கள். அவன் தலை அசைத்த பிறகுதான் மேளம் எடுக்கும். அதற்கு முன் பத்து நாள் விரதம், ஒவ்வோர் ஆண்டும் அதே பாதை, அதே திருப்பம், அதே அரோகரா. தம்பிக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியும், வேண்டாம் என்றால் என்ன நடக்கும் என்றும் தெரியும். மண்டபத்தில் இரண்டும் தெரியாது. அமைதி அறையிலோ ‘வேண்டாம்’ என்று சொல்ல உள்பக்கம் ஒரு கைப்பிடிகூட இல்லை.

இந்த மாதிரி அறைகளுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. நெதர்லாந்தில் எடெ என்ற ஊரின் ஹார்டன்பெர்க் விடுதியில் 1970களில் யான் ஹுல்செக்கே, ஆட் வெர்ஹூல் என்ற இருவர் தொடங்கிவைத்தது. ஸ்னூசலன் என்று பெயர், முகர்வதற்கும் கண்ணயர்வதற்கும் அங்குள்ள சொற்களை ஒட்டவைத்துச் செய்தது. விளக்கு, மெத்தை, இசை எல்லாம் உண்டு. ஆனால் எதைத் தொடுவது, எவ்வளவு நேரம், எப்போது எழுந்து போவது என்பது உள்ளே இருப்பவர் இஷ்டம் என்பதுதான் அதன் உயிர். நிறம் மாறும் விளக்கு நெதர்லாந்திலிருந்து காத்ர் போர்ன்வரை வந்து சேர்ந்துவிட்டது. இஷ்டம் வழியில் எங்கோ இறங்கிவிட்டது.

தாழ்ப்பாள்

மண்டபக்காரர்களிடம் மறுபடி போனேன். போக எனக்கு இரண்டு வாரம் ஆனது, கோபம் ஆற அல்ல, நன்றிகெட்டவள் என்று நினைப்பார்களே என்ற தயக்கம் ஆற. பொறுப்பாளர் பொறுமையாகக் கேட்டார். “ஒருத்தருக்காக இருபது பேர் மாறணுமா மதாம்?” என்றார். நான் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில் 30ஆவது பிரிவு பொழுதுபோக்கையும் விளையாட்டையும் பற்றித்தான் பேசுகிறது, மொரிஷியஸ் 2010 ஜனவரியிலேயே அதை ஏற்றுக்கொண்டது என்றேன். எழுத்தில் கொடுங்கள் என்றார். கொடுத்தேன். கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. ஆனால் நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டபடி குழாய் மாற்றிக்கொண்டிருந்த பராமரிப்பு ஆள், ஸ்க்ரூ டிரைவரோடு போய் ஐந்து நிமிடத்தில் ஸ்டோர் ரூம் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு வந்தார். யாரும் அவருக்கு உத்தரவு போடவில்லை. மறுவாரம் அவரே மாப் வாளியை இடம் மாற்றினார். அந்த மனிதருக்கு நான் சொன்ன நன்றி மட்டும் கணக்கில் நிற்கும்.

மற்றவை மெல்ல மெல்ல. தம்பி இப்போது அரை மணி நேரம் முன்னால் போகிறான். காலி மண்டபத்தில், சத்தம் பிறப்பதற்கு முன்னாலேயே. ரப்பர் பாய்களைச் சுமந்து வந்து விரிப்பது அவன் வேலை. இருபது பாய் தூக்கி முடிப்பதற்குள் தோளும் கையும் வேண்டிய சேதியை வாங்கிக்கொள்கின்றன, டைல்ஸ் தரையும் பாதி மூடிவிடுகிறது, எதிரொலி குறைகிறது. விசில் போய்க் கைதட்டல் வந்தது. ஜன்னல் மழையிலும் ஒருபக்கம் திறந்தே இருக்கிறது. காது மெஷின் மாட்டிய ஒரு தாத்தாவுக்குத்தான் இதில் அதிக லாபம் என்று நினைக்கிறேன். மெஷின் பேச்சையும் இரைச்சலையும் சேர்த்தேதான் பெரிதாக்கும் என்று முன்பெல்லாம் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் உட்காருவார். இப்போது மாட்டிக்கொண்டு டொமினோ ஆடுகிறார், ஏமாற்றுகிறவர்களைக் குரலை வைத்தே பிடிக்கிறாராம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பெரிய மாமாவிடம் கெஞ்சி ராவானை வாங்கி மண்டபத்துக்குக் கொண்டுபோனேன், கடற்கரையில் நடந்தது அங்கேயும் நடக்கும் என்று. தம்பி அதை எடுத்து ஓரமாகச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டான், தொடக்கூட இல்லை. நான் திரும்ப எடுத்துக் கையில் கொடுத்ததும் வீசி எறிந்தான், சட்டத்தில் விரிசல் விழுந்தது. பெரிய மாமா என்னைத்தான் திட்டினார். “அவன் கேட்டானா?” என்றார். இரண்டு சனிக்கிழமை வாசல்வரை வந்து திரும்பினோம். ஒருமுறை யாரோ புது ஆள் வாசனை ஸ்ப்ரே அடித்துக்கொண்டு வந்ததில் முடிந்தது கதை. வாடைக்கு ஜன்னல் போதாது, அதற்கு இன்னும் வழி தெரியவில்லை.

ஜும்பா பயிற்சியாளர் சின்னப் பெண், கல்லூரியில் படிக்கிறாள். ‘ஆசே’ பற்றி அவளிடம் சொன்னபோது நான் எதிர்பார்த்தது, தம்பி அப்படிச் சொன்னால் அவனை வெளியே விட்டுவிடுவாள் என்பதுதான். அவள் ஸ்பீக்கரின் ரிமோட்டை மேஜை ஓரத்தில், அவன் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கத் தொடங்கினாள். ஐந்து வாரம் அவன் அதைத் தொடவே இல்லை. அது அங்கே இருக்கிறதா என்று மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொண்டான். அந்த ஐந்து வாரமும் முழு ஒரு மணி நேரம் இருந்தான்.

போன சனிக்கிழமை பதினோராவது நிமிடத்தில் “ஆசே” என்று சொல்லி ரிமோட்டை அழுத்தினான். பாட்டு சட்டென்று அறுந்தது. இருபது பேர் கையைத் தூக்கியபடி நின்றார்கள். ஒருவர் சிரித்தார், ஒருவர் முணுமுணுத்தார், இரண்டு பேர் தண்ணீர் குடிக்கப் போனார்கள். தகரத்தில் தூறல் விழுவது கேட்டது. காவடிக் கேள்வியைக் கேட்ட அந்த அம்மா என் பக்கம் திரும்பி, எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். தெரியாது என்றேன். தம்பியையும் ரிமோட்டையும் ஒருமுறை பார்த்தார். பிறகு பாயில் மெல்ல உட்கார்ந்து, வலது காலை நீட்டி, முழங்காலை நீவிவிட்டுக்கொள்ளத் தொடங்கினார்.